காக்கையை எண்ணுவதும் ஆராய்ச்சியா? பறவைக் கணக்கெடுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் நான்கு நாள் கணக்கெடுப்பு. இவற்றுக்கு ஆள் சேர்க்கிற வேலையில் இருப்பதால் பள்ளி, டீக்கடை, ஏரிக்கரை, வாட்ஸப் குழு என்று பல இடங்களில் பேச வேண்டியிருக்கிறது, எங்கே போனாலும் வருகிற சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் அவற்றை ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை வைத்திருக்கிறேன். எனக்குப் பழக்கம் பறவைகள்தான் என்பதால் பறவைகளை வைத்துப் பேசுகிறேன், ஆனால் பொதுமக்கள் சேர்ந்து செய்கிற எந்த ஆராய்ச்சிக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

"முதல்ல இது என்னன்னு சொல்லுங்க. பறவையைப் பார்த்து எழுதி அனுப்பினா அது எப்படிங்க ஆராய்ச்சி ஆகும்?"

செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்றோ நடந்தோ, கண்ணில் பட்ட, காதில் விழுந்த எல்லாப் பறவைகளையும் எழுத வேண்டும். எத்தனை, எங்கே, எந்த நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதும் கூடவே வேண்டும். அதை ஈபேர்ட் என்ற இலவசத் தளத்தில் ஏற்றிவிட்டால் முடிந்தது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 2002-ல் தொடங்கிய தளம் அது, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

உங்கள் ஒரு பட்டியலை மட்டும் வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே முறையில் பல வருடம் எழுதிய பட்டியல்களைச் சேர்த்து வைத்தால் பனங்காடை குறைகிறதா, குளிர்காலத்துக்கு வருகிற வாலாட்டி எந்த வாரம் வந்து சேர்கிறது, வறண்ட வருடத்தில் ஏரிப் பறவைகள் எங்கே போகின்றன என்றெல்லாம் கேட்டுப் பதில் வாங்கலாம். அந்தப் பதிலை வேறு எந்த வழியிலும் வாங்க முடியாது என்பதுதான் விஷயமே.

இது புதுசாக முளைத்த வழக்கமும் இல்லை. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று யார் அதிகம் சுடுவது என்று போட்டி போட்டு வேட்டையாடுவார்கள். சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்று ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் 1900-ல் அழைப்பு விடுத்தார், முதல் வருடம் 27 பேர்தான் சேர்ந்தார்கள், இன்றுவரை நடக்கிறது. இந்தியாவில் அதற்கும் முன்பே, காங்கிரஸ் தொடங்கக் காரணமாக இருந்த அதே ஏ. ஓ. ஹியூம், 1870-களில் நாடு முழுக்க இருந்தவர்களிடமிருந்து கடிதம் வழியாகப் பறவைக் குறிப்புகளைத் திரட்டினார். அன்று எழுதியவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார அதிகாரிகள். இன்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான்.

"எனக்கு காக்கா, குருவி, மைனா, கிளி இது நாலும்தான் தெரியும். நான் சேரலாமா?"

தாராளமாக. அப்புறம், உங்களுக்குத் தெரிந்தது நாலு மட்டும் என்பதை நான் நம்ப மாட்டேன். குயில் கூவினால் தெரியும், மயில் தெரியும், புறா தெரியும், மீன்கொத்தி தெரியும், வயலில் மாட்டுக்குப் பின்னாலேயே நடக்கிற கொக்கு தெரியும், மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவி தெரியும். செம்போத்து, மரங்கொத்தி, ஆள்காட்டி எல்லாம் ஊர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கேட்டுப் பார்த்தால் பதினைந்துக்குக் குறையாமல் வரும்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. தெரிந்ததை எழுதுங்கள், தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். வானத்தில் ஒரு பருந்து, எந்தப் பருந்து என்று தெரியவில்லை என்றால் 'ஏதோ ஒரு பருந்து' என்றே பதிவு செய்ய தளத்தில் இடம் இருக்கிறது. குளிர்காலத்தில் புதருக்குள் தாவும் கதிர்க்குருவிகளை வருடக்கணக்கில் பார்ப்பவர்களே பல நேரம் அப்படித்தான் எழுதுகிறார்கள். மெர்லின் என்ற செயலி குரலைக் கேட்டோ படத்தைப் பார்த்தோ பெயர் சொல்லும். கற்றுக்கொள்ள நல்ல துணை அது, ஆனால் அது சொன்னது என்பதற்காக மட்டும் எழுதிவிடாமல், அது சொன்ன பறவையைக் கண்ணால் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

"பைனாகுலர், கேமரா எல்லாம் வாங்கணுமா?"

வேண்டாம். ஆறு மாதம் வெறும் கண்ணாலும் காதாலும் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் 8×42 அளவில் ஒரு பைனாகுலர் போதும். கேமரா இல்லாவிட்டால் இன்னும் நல்லது என்றே சொல்வேன், படம் எடுப்பதில் கவனம் போனால் எண்ணிக்கை விட்டுப்போகும்.

"எனக்கு இங்கிலீஷ் வராது, இந்த ஆப் எல்லாம் ஒத்து வராது"

நோட்டில் எழுதுங்கள். தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை. உங்கள் ஊரில் வழங்கும் பெயரையே எழுதலாம், மடையான் என்றாலும் குருட்டுக்கொக்கு என்றாலும் ஒரே பறவைதான், ஊரில் யாராவது ஓர் ஆசிரியரோ கல்லூரிப் பிள்ளையோ உட்கார்ந்து சரியான இனத்தோடு பொருத்தி ஏற்றிவிட முடியும். அப்பா எண்ணிக்கொண்டே வர மகள் போனில் பதிவு செய்கிற குடும்பங்களும் இருக்கின்றன.

"ஒரே காக்கா நாலு தடவை பறந்து வந்தா நாலுன்னு எழுதணுமா? கூட்டமா போனா எப்படி எண்ணுறது?"

ஒரே பறவைதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று தோன்றினால் ஒன்று என்றே எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரே நேரத்தில் சேர்ந்து தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் என்றால் முதலில் பத்துப் பறவையை எண்ணி, பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த மாதிரி எத்தனை பத்து இருக்கிறது என்று பாருங்கள். தோராயம்தான், அதில் தப்பில்லை. எண்ணவே முடியவில்லை என்றால் எண் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி மாதிரி இருக்கும் எக்ஸ் எழுத்தைப் போடலாம், 'பார்த்தேன், எண்ணவில்லை' என்று அதற்குப் பொருள். ஆனால் 200 என்று ஒரு தோராயம் சொல்வது எக்ஸைவிட எத்தனையோ மடங்கு உதவும்.

"காக்காவையெல்லாம் எதுக்கு எழுதணும்? அபூர்வமான பறவையை மட்டும் எழுதினா போதாதா?"

போதாது. பறவை பார்க்கிறவர்கள் பலருமே இதைச் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நீங்கள் ஏரிக்குப் போய் ஒரு அபூர்வ வாத்தைப் பார்த்து அதை மட்டும் எழுதினால், அன்று அங்கே அந்த வாத்து இருந்தது என்பது மட்டும்தான் தெரியும். காக்கை இருந்ததா? மைனா இருந்ததா? எழுதவில்லை என்பதால் இல்லை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 'அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டேன்' என்று நீங்கள் உறுதி சொன்னால் கதையே மாறிவிடும். பள்ளியின் வருகைப் பதிவேட்டில் வராதவனின் பெயருக்கு நேரே இருக்கும் குறி எவ்வளவு முக்கியமோ, உங்கள் பட்டியலில் இல்லாத பறவையும் அவ்வளவு முக்கியமாகிறது. இதைத்தான் முழுமையான பட்டியல் என்கிறோம். ஈபேர்டில் சமர்ப்பிக்கும்போது கடைசியாகக் கேட்கும் கேள்வி இது, பலர் படிக்காமலே ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதை வைத்து எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்றால், ஒரு பகுதியில் ஒரு வருடத்தில் 100 முழுமையான பட்டியல்கள் வந்திருக்கின்றன, அதில் 60-ல் பனங்காடை இருக்கிறது என்று வையுங்கள். பத்து வருடம் கழித்து அதே மாதிரி 100 பட்டியலில் 40-ல்தான் இருக்கிறது என்றால் பனங்காடை குறைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பறவைகளின் மொத்த எண்ணிக்கையை யாராலும் எண்ண முடியாது, ஆனால் எத்தனை பட்டியலுக்கு ஒன்றில் தென்படுகிறது என்பது நம்பகமான அளவுகோல். (மேலே சொன்ன எண்கள் விளக்கத்துக்காகத்தான். ஆனால் 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை பனங்காடை உண்மையிலேயே கவலைப்படும் அளவுக்குச் சரிந்திருப்பதாகச் சொல்லி, எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் இடத்தை மறுபடி பரிசீலிக்கப் பரிந்துரைத்தது. நம் ஊர் மின்கம்பியில் நீல இறக்கையை விரித்துக்கொண்டு இறங்கும் அதே பனங்காடை.) கவனியுங்கள், அது அபூர்வப் பறவை இல்லை. சாதாரணப் பறவை என்று நினைத்து யாரும் எழுதாமல் விட்டிருந்தால் இந்தச் சரிவு தெரிந்தே இருக்காது.

"போன வாரம் ஏரிக்குப் போனேன், ரெண்டு கொக்கைத் தவிர ஒண்ணுமே இல்ல. அதனால எழுதல"

எழுதியிருக்க வேண்டும்! முந்தைய பதிலைப் படித்தால் ஏன் என்று புரியும். ஏரி நிறைந்திருக்கும்போது மட்டும் எல்லோரும் போய் எழுதினால், காகிதத்தில் ஏரி எப்போதும் பறவைகளால் நிறைந்தே இருக்கும்.

"விஞ்ஞானிகள் சம்பளம் வாங்குறாங்கல்ல, அவங்களே எண்ணட்டுமே. நம்மள எதுக்கு ஓசில வேலை வாங்குறாங்க?"

நியாயமான கேள்வி. இந்தியாவின் பரப்பு சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர், பறவையினங்கள் 1,300-க்கு மேல். பறவைகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் களத்தில் இறக்கினாலும் ஒரு மாநிலத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்து முடிக்க முடியாது. உங்கள் தெருவில், உங்கள் தோப்பில், வருடம் 365 நாளும் இருப்பவர் நீங்கள்தான்.

கேரளம் செய்ததைப் பாருங்கள். 2015 முதல் 2020 வரை மாநிலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, தன்னார்வலர்கள் நடந்தே எண்ணினார்கள். சுமார் 25,000 பட்டியல்கள், 3 லட்சத்துக்கு மேல் பதிவுகள், 361 இனங்கள். ஆசிரியர், வங்கி ஊழியர், மாணவர் என்று எந்தத் தொழில் செய்பவரும் வார இறுதியில் செய்யக்கூடிய வேலை அது. ஆனால் திட்டம் போட்டு, முறையை வகுத்து, வந்த தரவைச் சரிபார்த்துக் கணக்குப் போட ஆய்வாளர்கள் தேவைப்பட்டார்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் செய்துவிட முடியாது. ஓசி வேலை என்ற மனத்தாங்கலுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைக் கடைசிக் கேள்வியில் பேசுகிறேன்.

"முறையா படிக்காத ஆளுங்க எழுதுறதை நம்பி எப்படிங்க முடிவு எடுப்பாங்க? ஆளாளுக்கு என்னத்தையோ எழுதுவாங்களே?"

எழுதுவார்கள்தான். அதனால்தான் சல்லடை ஒன்றோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் எந்த மாதத்தில் எந்தப் பறவை எத்தனை வரை சாதாரணம் என்று தளத்தில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் நீங்கள் குளிர்கால வாத்து ஒன்றை எழுதினால் உடனே விவரம் கேட்கும். அதைத் தாண்டி, அந்தப் பகுதியை நன்றாக அறிந்த ஒரு தன்னார்வலர் பார்த்து, உங்களுக்குக் கடிதம் எழுதி, என்ன பார்த்தீர்கள், படம் இருக்கிறதா என்று கேட்பார். அப்படிக் கேட்டு வருகிற கடிதத்தைப் பார்த்துப் பலர் மனம் நொந்துபோகிறார்கள். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரிய நிபுணர்களுக்கும் அதே கடிதம் போகிறது. உறுதியாகாத பதிவு உங்கள் பட்டியலில் அப்படியே இருக்கும், ஆய்வுத் தரவில் மட்டும் சேராது.

இதைவிடச் சிக்கலான பிரச்சினை வேறு இருக்கிறது. ஆட்கள் எங்கே போக வசதியோ அங்கேயே போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, சாலை ஓரம், பேர்போன ஏரி. சென்னை, கோவை, நீலகிரிப் பக்கம் பட்டியல்கள் குவியும், உள்மாவட்டங்களில் எத்தனையோ ஒன்றியங்களில் ஆளே இல்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதுவதை வைத்து இதில் ஒரு பகுதியைக் கணக்கில் சரிசெய்ய முடியும். அதனால்தான் நேரத்தை எழுதச் சொல்லி இவ்வளவு நச்சரிக்கிறோம். ஆனால் யாருமே போகாத இடத்தை எந்தக் கணக்காலும் நிரப்ப முடியாது. உங்கள் ஊர்க் குளத்தில் நீங்கள் எண்ணும் 15 நிமிடம், வேடந்தாங்கலில் நூறாவது ஆளாகப் போய் எண்ணுவதைவிடப் பயனுள்ளது என்று நான் அடித்துச் சொல்வேன்.

"எண்ணிட்டா மட்டும் போன பறவை திரும்பி வந்துடுமா?"

வராது. ஆனால் எண்ணாமல் விட்டால் போனதே தெரியாது. பாறு கழுகுகளுக்கு நடந்ததைச் சொன்னால் போதும்.

பாறு என்கிற இந்தப் பிணந்தின்னிக் கழுகுகள் ஒரு காலத்தில் இந்தியாவில் காக்கை மாதிரி சாதாரணம். அவ்வளவு சாதாரணமானதை யார் எண்ணுவார்கள்? நல்லவேளையாகப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1980-களில் ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் அவற்றை எண்ணி வைத்திருந்தார். 1990-களின் பின்பாதியில் அவரே மறுபடி எண்ணியபோதுதான் சரிவின் அளவு வெளிச்சத்துக்கு வந்தது. நாடு முழுக்க நடந்த கணக்கெடுப்பில், வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99.9 சதவீதம் அழிந்திருந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. பழைய எண்ணிக்கை இல்லாமல் இருந்திருந்தால் 'முன்னெல்லாம் நிறைய இருந்துச்சு' என்ற பேச்சோடு அது முடிந்திருக்கும்.

நீர்ப்பறவைகளுக்கும் இதே கதைதான். ஓர் ஈரநிலம் ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்படுவதற்கான தகுதிகளில் ஒன்று, அங்கே வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளாவது இருக்க வேண்டும் என்பது. யாராவது வருடா வருடம் எண்ணியிருந்தால்தானே அதைக் காட்ட முடியும்? 1987 முதல் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அப்படித்தான் தன்னார்வலர்களின் தோளில் நிற்கிறது.

"செல்போன் டவராலதான சிட்டுக்குருவி அழிஞ்சுபோச்சு? அதை விட்டுட்டு எண்ணிக்கிட்டு இருக்கீங்களே?"

மார்ச் 20 சிட்டுக்குருவி நாள் வந்தால் தவறாமல் வருகிற கேள்வி. 2020-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, இந்தியா முழுவதையும் எடுத்துப் பார்த்தால் சிட்டுக்குருவி 25 வருடத்துக்கும் மேலாக ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்றது. பெருநகரங்களில் மட்டும் குறைந்து வருகிறது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு வலுவான சான்று இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காதது, கூடு கட்டப் பொந்தும் ஓட்டு இடுக்கும் இல்லாதது போன்றவைதான் அதிகம் பொருந்திவரும் காரணங்கள்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. சென்னையில் வளர்ந்து, சின்ன வயதில் பார்த்த குருவியை இன்று காணாதவர் சொல்வதும் உண்மைதான், அவருடைய தெருவில் இல்லைதான். ஆனால் ஒரு தெருவின் அனுபவம் நாட்டின் நிலவரம் ஆகாது என்பதைக் காட்டியதும், நகரத்தின் இழப்பு நிஜம் என்பதை உறுதி செய்ததும் அதே பட்டியல்கள்தான். உங்கள் ஊரில் குருவி இருக்கிறது என்றால் அதையும் எழுதுங்கள், அழிந்த பறவை என்று நினைத்துக்கொண்டே கூடத்தில் அதற்கு அரிசி போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"சார், பாடத்தை முடிக்கவே நேரம் பத்தல. இதுல பசங்களுக்கு மார்க்கும் கிடையாது. எப்படி நடத்துறது?"

வாரம் ஒரு நாள், காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்னால் 15 நிமிடம், பள்ளி வளாகத்திலேயே ஒரே இடம். அவ்வளவுதான். ஒரு குழு எண்ணட்டும், ஒரு குழு எழுதட்டும். வருடக் கடைசியில் பிள்ளைகள் கையில் அவர்களே சேகரித்த தரவு இருக்கும், சராசரி, விழுக்காடு, வரைபடம் எல்லாவற்றையும் அதை வைத்தே கணக்கு வகுப்பில் நடத்தலாம். இதனால் மதிப்பெண் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் 'இந்த வாரம் ஏன் சார் தவிட்டுக்குருவி வரல?' என்று ஒரு பிள்ளை கேட்கும்போது விடை உங்களுக்கும் தெரியாது, புத்தகத்திலும் இருக்காது, இரண்டு பேரும் சேர்ந்துதான் தேட வேண்டும். பள்ளியில் அப்படி ஒரு தருணம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று உங்களுக்கே தெரியும்.

பறவை ஓடிவிடுகிறது, பசங்க சத்தம் போடுகிறார்கள் என்றால் மரத்துக்கு மாறுங்கள். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து வாரா வாரம் இலை, பூ, காய் எந்த நிலையில் இருக்கிறது என்று பதிய வேண்டும். கேரளப் பள்ளிகள் இதில் பெரிய அளவில் பங்கெடுக்கின்றன. வேம்பு, புளி, புங்கன், கொன்றை, எது வளாகத்தில் இருக்கிறதோ அது போதும்.

"மயில் வந்து நிலக்கடலை, தக்காளி எல்லாத்தையும் நாசம் பண்ணுது. நீங்க அதை எண்ணி காப்பாத்தப் போறீங்களா?"

ஊர்க்கூட்டங்களில் இந்தக் கேள்வி வரும்போது பறவை ஆர்வலர்கள் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். மாற்றக் கூடாது. விவசாயிகள் சொல்வது தரவோடு ஒத்துப்போகிறது. 2020, 2023 இரண்டு அறிக்கைகளுமே மயில் தெளிவாகக் கூடி வருகிறது என்கின்றன, முன்பு அதிகம் இல்லாத கேரளத்திலும் பரவியிருக்கிறது. 1963 முதல் தேசியப் பறவை, 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு. அதனால் விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது, அந்த வலி எனக்குப் புரிகிறது.

எண்ணுவது என்றாலே காப்பாற்றுவது என்று அர்த்தம் இல்லை. எண்ணிக்கை யார் பக்கமும் இல்லை. எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தப் பயிரில் எத்தனை மயில் இறங்குகிறது என்று விவசாயிகளே இரண்டு மூன்று வருடம் எழுதி வைத்தால், இழப்பீடு கேட்கும்போதோ வேறு வழி கேட்கும்போதோ கையில் சான்று இருக்கும். இன்னொன்று, மயில் ஏன் கூடியது என்று கேட்டால் நரி இல்லாமல் போனதுதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், சீமைக்கருவேல் புதர்தான் ஒளிய இடம் கொடுத்தது என்று வேறு சிலர். இவை அருமையான கருதுகோள்கள். நரி மிஞ்சியிருக்கும் ஊரையும் இல்லாத ஊரையும் ஒப்பிட்டால் முதலாவதைச் சோதிக்க முடியும், புதரை வெட்டிய ஊரையும் வெட்டாத ஊரையும் ஒப்பிட்டால் இரண்டாவதை. அறிவியலை மக்களிடம் கொண்டு போகிறோம் என்று கிளம்புகிறவர்கள், மக்களிடமிருந்து இப்படி வருகிற கேள்வியைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பவும் தெரிந்திருக்க வேண்டும். பேசிவிட்டு மட்டும் வந்தால் அது கூட்டம் நடத்தியதோடு சரி.

"இடத்தைப் போட்டா படம் எடுக்கிறவங்க கூட்டமா வந்துடுறாங்க. பிடிக்கிறவனும் பார்ப்பானே?"

உண்மையான ஆபத்து. வேட்டைக்கும் விற்பனைக்கும் குறிவைக்கப்படும் சில இனங்களின் சரியான இடத்தை ஈபேர்ட் தானாகவே மறைத்துவிடுகிறது. ஆனால் எல்லாவற்றையும் மறைக்காது, அதனால் உங்கள் பங்கும் உண்டு. ஆந்தை அடையும் மரம், எந்தப் பறவையாக இருந்தாலும் அதன் கூடு, இவற்றைப் பற்றி குறிப்பிலோ வாட்ஸப் குழுவிலோ எழுதாதீர்கள். சில வாரம் கழித்துப் பதிவேற்றுவதும் சரியான வழிதான், ஆய்வுக்கு அது எந்த விதத்திலும் குறையாது. பறவையை வரவழைக்க அதன் குரலைப் போனில் ஓடவிடுவதை அறவே தவிருங்கள். முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் பறவையை எழுப்பிவிட்டு எடுக்கிற தரவு எனக்கு வேண்டாம்.

"எங்க ஊர் விஷயத்தை எங்ககிட்டயே கேட்டு எழுதிட்டுப் போவாங்க. அப்புறம் ஆளையே காணோம். இதுவும் அப்படித்தானே?"

மேலே ஓசி வேலை பற்றிக் கேட்டவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தக் கோபம் நியாயமானது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகளைப் பற்றி இப்படிப்பட்ட ஊர்களுக்குத் தெரிந்தது ஏராளம். ஆனால் ஆய்வு முடிவுகள் ஆங்கிலத்தில், அவர்கள் கைக்கு எட்டாத இதழ்களில் வெளியாகின்றன. 2023 அறிக்கை சுமார் 30,000 பேர் கொடுத்த 3 கோடிப் பதிவுகளால் ஆனது, நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீத இனங்கள் குறைந்திருக்கின்றன என்ற பெரிய செய்தியைச் சொன்னது. பதிவு கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி அவரவர் மொழியில், அவரவர் மாவட்டக் கணக்கோடு போய்ச் சேர வேண்டியிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அதைச் சேர்ப்பது ஆராய்ச்சியின் ஒரு பகுதி, முடித்துவிட்டு நேரம் இருந்தால் செய்கிற உபகாரம் இல்லை. உங்கள் ஊருக்கு வருகிற ஆய்வாளரிடம் 'முடிவை எப்போது, எந்த வடிவத்தில் எங்களுக்குத் தருவீர்கள்?' என்று முதல் நாளே கேளுங்கள். நல்ல ஆய்வாளர் கோபப்பட மாட்டார்.

கேட்டுக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். 2002-ன் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அந்த ஊரின் உயிரினங்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும், ஊராட்சியில் அதைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் பட்டியலை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் ஏரியை ஈபேர்டில் பொது இடமாகப் பரிந்துரைத்துவிட்டால், அங்கே யார் எழுதினாலும் எல்லாம் ஒன்றாகச் சேரும், எந்தப் பறவை எந்த வாரத்தில் அங்கே இருக்கிறது என்று வருடம் முழுவதற்குமான பட்டை வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருடம் எழுதியதும் அதை அச்செடுத்து, தமிழ்ப் பெயர்களைப் பக்கத்தில் எழுதி, ஊர் நூலகத்தில் ஒன்றும் பள்ளியில் ஒன்றும் ஒட்டுங்கள். இன்னொரு பிரதியைக் கிராமசபைக்கு எடுத்துப் போங்கள். ஏரியில் மண் எடுப்பது பற்றியோ மீன் குத்தகை பற்றியோ பேச்சு வரும்போது, எந்த மாதத்தில் எடுத்தால் பறவைகளுக்குத் தொந்தரவு குறைவு என்று அந்தத் தாளைக் காட்டியே பேசலாம்.